கைப்பேசியில் பழைய கேம்: எது சரி, எது கள்ளம், எப்படிச் செய்வது – ஒரு முழுமையான வழிகாட்டி

போன பள்ளி விடுமுறையில் என் அக்கா மகன் ஒரு மெமரி கார்டை நீட்டினான். "மாமா, இதுல ஐயாயிரம் கேம் இருக்கு. முப்பது வெள்ளிதான்." சுங்கை சிப்புட் டவுனில் ஏதோ ஒரு கைப்பேசிக் கடையில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கணினியில் செருகிப் பார்த்தேன். ஒரே கேம் பன்னிரண்டு பெயரில் இருந்தது. சில கோப்புகளுக்குள் ஒன்றுமே இல்லை. நடுவில், எமுலேட்டர் (பழைய கருவியின் கேமைக் கைப்பேசியில் ஓட்டும் மென்பொருள்) என்ற பெயரில் ஒரு செயலியின் நிறுவல் கோப்பு. அதை அவன் ஏற்கெனவே கைப்பேசியில் போட்டுவிட்டிருந்தான். அனுமதிப் பட்டியலைத் திறந்தால், குறுஞ்செய்திகளைப் படிக்கவும் தொடர்பு எண்களைப் பார்க்கவும் அது அனுமதி வாங்கி வைத்திருக்கிறது. மரியோ குதிப்பதற்கு என் அக்காவின் போன் நம்பர் எதற்கு?

முதல் வேலையாக அந்தச் செயலியை நீக்கினேன். பையன் முகம் வாடிப்போனது. "அப்போ எமுலேட்டரே கள்ளமா மாமா?"

இல்லை. எமுலேட்டர் கள்ளமில்லை. கார்டில் இருந்த மற்றதுதான் சிக்கல். அதை அவனுக்கு விளக்க உட்கார்ந்தபோதுதான் எனக்கே ஒரு விஷயம் உறைத்தது. இதைப் பற்றி எங்கே படித்தாலும் "உங்களிடம் அசல் இருந்தால் பரவாயில்லை" என்று எழுதியிருக்கும். தோட்டத்தில் வளர்ந்த நம்மில் எத்தனை பேரிடம் அசல் இருந்தது?

எங்கள் லயத்தில் ஒரே ஒரு வீட்டில் மைக்ரோ ஜீனியஸ் இருந்தது. தைவானில் செய்த அந்தப் பெட்டி, நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல். அதில் செருகிய '64 இன் 1' கார்ட்ரிட்ஜும் நகல். அப்புறம் பிளேஸ்டேஷன் வந்தது. நகல் வட்டும் ஓடும்படி கடையில் 'சிப்' போட்டுக்கொண்டு வந்து, பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பிளாஸ்டிக் உறையில் தொங்கிய வட்டுகளை வாங்கி விளையாடினோம். காசு கொடுத்துத்தான் வாங்கினோம், அதனால் நம்முடையது என்றே நினைத்தோம். அந்தக் காசில் ஒரு சென்கூட அந்தக் கேமை உருவாக்கியவர்களுக்குப் போகவில்லை. இந்தக் கணக்கை முதலில் ஒப்புக்கொண்டால்தான் கீழே சொல்லப்போகும் படிகள் புரியும்.

நான் வக்கீல் இல்லை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைப் படித்து, இத்தனை வருடம் எமுலேட்டரோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதல் படி: மூன்று பொருளைப் பிரித்துப் பாருங்கள்

கைப்பேசியில் ஒரு பழைய கேம் ஓட மூன்று பொருள் தேவை. ஒன்று எமுலேட்டர். பழைய கருவியின் சிப்புகள் செய்த வேலையைச் செய்து காட்டும் மென்பொருள் அது. இரண்டாவது பயாஸ். சில கருவிகளை முடுக்கிவிட்டதும் முதலில் ஓடும் உள்நிரல் இது. பிளேஸ்டேஷனில் அந்தத் தொடக்க ஓசை வருமே, அது இதன் வேலைதான். மூன்றாவது ரோம், அதாவது கார்ட்ரிட்ஜிலோ வட்டிலோ இருந்த கேமின் நகல் கோப்பு.

இந்த மூன்றுக்கும் சட்டம் வேறு வேறு. கடைக்காரர்கள் மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பதால்தான் குழப்பமே வருகிறது.

எமுலேட்டர் பற்றிய சண்டை நீதிமன்றத்தில் முடிந்து கால் நூற்றாண்டு ஆகிறது. 1999இல் கனெக்டிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், மேக் கணினியில் பிளேஸ்டேஷன் கேம்களை ஓட்டும் ஒரு மென்பொருளை விற்றது. பிளேஸ்டேஷனின் சொந்தக்காரரான சோனி வழக்குப் போட்டது. 2000இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் நின்றது. சோனியின் பயாஸைப் பிரித்து ஆராய்ந்தார்கள்தான், ஆனால் கடைசியில் விற்ற பொருளில் சோனியின் நிரல் வரிகள் இல்லை, சொந்தமாக எழுதினார்கள், அது நியாயமான பயன்பாடு என்றது. அதே காலத்தில் பிளீம் என்ற இன்னொரு எமுலேட்டர் நிறுவனமும் சோனியை எதிர்த்து வழக்காடி, மேல்முறையீட்டில் வென்றது. வக்கீல் செலவைத் தாங்க முடியாமல் கடையை மூடியது என்பது வேறு கதை. சட்டத்தில் ஜெயிப்பதும் பிழைத்திருப்பதும் ஒன்றல்ல என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அமெரிக்கத் தீர்ப்பு ஈப்போ நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நம் சட்டத்திலும் எமுலேட்டர் எழுதுவதையோ வைத்திருப்பதையோ குற்றம் என்று சொல்லும் பிரிவு கிடையாது. அடுத்தவர் எழுதிய நிரலை நகலெடுப்பதுதான் மீறல். சொந்தமாக எழுதிய நிரல் எழுதியவருடையது.

இரண்டாவது படி: எமுலேட்டரை எடுப்பது

இது சுலபம். ஆண்ட்ராய்டாக இருந்தால் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்கள், அல்லது அந்த எமுலேட்டரை எழுதியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து எடுங்கள். லெமுராய்டு இலவசம், விளம்பரம் கிடையாது, நிரலும் திறந்தே இருக்கிறது. முதன்முறை போடுபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ரெட்ரோஆர்ச் இதைவிட அதிகம் செய்யும், ஆனால் அதன் மெனுவுக்குள் நுழைந்தால் செம்பனைக் காட்டுக்குள் போன மாதிரி, எந்த வரிசையும் ஒன்றுபோலவே இருக்கும். பிஎஸ்பி (சோனியின் கைக்கருவி) கேம்களுக்கு பிபிஎஸ்எஸ்பிபி. அதில் தங்க நிற ஐகானோடு காசுக்கு ஒன்றும், இலவசமாக ஒன்றும் இருக்கும். கேமை ஓட்டுவதில் வித்தியாசம் கிடையாது. எழுதியவருக்கு ஆதரவாக விற்கப்படுவது அது. பிடித்திருந்தால் ஒரு தடவை வாங்கிவிடுங்கள்.

ஐபோனில் 2024 ஏப்ரல் வரை ஆப் ஸ்டோர் எமுலேட்டர்களை உள்ளே விடவில்லை. அந்த மாதம் ஆப்பிள் விதியை மாற்றியது. டெல்டா என்ற எமுலேட்டர் உடனே வந்தது, அடுத்த மாதமே ரெட்ரோஆர்ச்சும் பிபிஎஸ்எஸ்பிபியும் வந்துவிட்டன. ஆப்பிளும் கூகிளும் தங்கள் கடைகளில் வைத்து விற்கும் பொருளைக் கள்ளச்சரக்கு என்று பயப்பட வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்பில் வரும் நிறுவல் கோப்பு, மெமரி கார்டில் வரும் நிறுவல் கோப்பு, "ஆயிரம் கேம் உள்ளே" என்று சொல்லும் செயலி, இவை எதுவும் வேண்டாம். போட்டுவிட்டிருந்தால் அமைப்புகளுக்குள் போய், அது என்னென்ன அனுமதி வாங்கியிருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். சேமிப்பிடத்தைத் தவிர வேறு எதைக் கேட்டிருந்தாலும் நீக்குங்கள்.

மூன்றாவது படி: பயாஸ்

பயாஸ் சோனிக்கோ நிண்டெண்டோவுக்கோ சொந்தமான நிரல். இணையத்தில் கிடைக்கும் பயாஸ் கோப்பு, கேம் கோப்பைப் போலவே பதிப்புரிமை உள்ள பொருள்தான். அளவில் சின்னது என்பதால் அது மன்னிக்கப்படுவதில்லை.

நல்லவேளையாகப் பல எமுலேட்டர்களுக்கு அது தேவையே இல்லை. பிபிஎஸ்எஸ்பிபி அந்த வேலையைத் தானே செய்துகொள்ளும். கேம்பாய் அட்வான்ஸ் என்ற நிண்டெண்டோ கைக்கருவிக்கான எம்ஜிபிஏ தனக்கென்று சொந்தமாக எழுதிய பயாஸோடு வருகிறது. பிளேஸ்டேஷனுக்கு பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு என்ற வகையிலும் அப்படி ஒன்று உண்டு. சில கேம்கள் அதில் முரண்டு பிடிக்கும், பல கேம்கள் ஒழுங்காக ஓடும். முதலில் இவற்றில் ஓடுகிறதா என்று பாருங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும்.

நான்காவது படி: அலமாரிக் கணக்கு

இதுதான் முக்கியமான படி. வீட்டில் இருக்கும் பழைய வட்டுகளையும் கார்ட்ரிட்ஜ்களையும் எடுத்துத் தரையில் பரப்புங்கள். நானும் பையனும் அக்கா வீட்டுப் பரணிலிருந்து ஒரு மைலோ டின்னை இறக்கினோம். உள்ளே முப்பத்தொரு வட்டு, ஒரு கேம்பாய் கார்ட்ரிட்ஜ், நான்கு பேட்டரி, செத்துப்போன ஒரு பல்லி.

பிளேஸ்டேஷன் ஒன் வட்டு அசலா என்று பார்க்க அதைத் திருப்புங்கள். அசல் வட்டின் அடிப்பாகம் கறுப்பாக இருக்கும். வெள்ளி நிறமோ, பச்சை நீலச் சாயலோ இருந்தால் நகல். கறுப்பு நிறத்தில் வெற்று வட்டுகளும் பின்னாளில் வந்தன, அதனால் அதோடு நிறுத்தாதீர்கள். மேல்பக்க அச்சைப் பாருங்கள். ஜப்பான் வட்டுகளில் பெரும்பாலும் 'எஸ்எல்பிஎஸ்', அமெரிக்க வட்டுகளில் 'எஸ்எல்யுஎஸ்', ஐரோப்பிய வட்டுகளில் 'எஸ்எல்இஎஸ்' என்ற எழுத்துகளோடு ஓர் எண் அச்சாகியிருக்கும். கலர் ஜெராக்ஸ் எடுத்த அட்டையும், மார்க்கர் பேனாவில் எழுதிய பெயரும் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் முப்பத்தொன்றில் கறுப்பு அடியோடு இருந்தது ஒன்றே ஒன்று.

சட்டம் என்ன சொல்கிறது? நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 40ஆவது பிரிவு, கணினி நிரலுக்கு மாற்று நகல் எடுத்து வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. இரண்டு நிபந்தனை உண்டு. நகலெடுப்பவர் அந்தப் பிரதியின் சொந்தக்காரராக இருக்க வேண்டும், அல்லது சொந்தக்காரருக்காக எடுப்பவராக இருக்க வேண்டும். அந்த நகல், அசல் தொலைந்தாலோ அழிந்தாலோ பயன்படுத்த முடியாமல் போனாலோ பயன்படுத்துவதற்காக மட்டும் இருக்க வேண்டும். மூலமே கள்ளப் பிரதியாக இருந்தால் இந்தப் பிரிவு உதவாது. ஆக, பசார் மாலாம் வட்டை நீங்கள் எத்தனை பத்திரமாக வைத்திருந்தாலும், அதிலிருந்து எடுக்கும் நகலுக்குச் சட்டத்தில் இடமில்லை. "அப்பவே காசு குடுத்தாச்சே" என்ற வாதம் இங்கே செத்துவிடுகிறது.

இரண்டாவது நிபந்தனையை இன்னொரு தடவை படியுங்கள். எல்லோரும் நினைப்பதைவிட அது குறுகலானது. அசல் வட்டு நன்றாக இருக்கும்போதே நகலைத் தினமும் விளையாடுவது, எழுத்துக்கு எழுத்து பார்த்தால், இந்தப் பிரிவுக்குள் அடங்காது. 13ஆவது பிரிவில் நியாயமான பயன்பாடு என்று ஒன்று இருக்கிறது. நோக்கம் என்ன, படைப்பின் தன்மை என்ன, எவ்வளவு எடுத்தீர்கள், சந்தையில் அதற்கு என்ன பாதிப்பு என்று பார்க்கச் சொல்கிறது. சொந்த வட்டைச் சொந்தக் கைப்பேசியில் விளையாடுவதால் யாருடைய விற்பனையும் குறையவில்லை என்று வாதாடலாம். வாதாடலாம், அவ்வளவுதான். என் சொந்த முடிவு: கையில் அசல் இருந்தால் நகலெடுத்து விளையாட நான் தயங்கமாட்டேன். அசலை விற்றால் நகலையும் அழித்துவிடுவேன்.

இன்னும் இரண்டு பழைய கதைகளையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். "இறக்கி 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட்டால் குற்றமில்லை" என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே சுற்றும் பேச்சு. அப்படி ஒரு விதி நம் சட்டத்தில் இல்லை. "முப்பது வருடம் ஆகிவிட்டது, உரிமை முடிந்திருக்கும்" என்பதும் தவறு. மலேசியாவில் எழுத்துப் படைப்புக்கான பதிப்புரிமை, படைத்தவர் இறந்து 50 ஆண்டுகள் வரை நீடிக்கிறது. கணினி நிரலையும் சட்டம் அந்த வகையில்தான் வைத்திருக்கிறது. நாம் விளையாடிய கேம்களை எழுதியவர்களில் பலர் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஐந்தாவது படி: அசல் வட்டைக் கோப்பாக்குவது

பிளேஸ்டேஷன் ஒன் வட்டுக்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். சிடி படிக்கும் டிரைவ் உள்ள எந்தக் கணினியும் போதும். மடிக்கணினியில் டிரைவ் இல்லையென்றால் யுஎஸ்பியில் செருகும் டிரைவ் வாங்கிக்கொள்ளலாம், யாரிடமாவது இரவலும் வாங்கலாம்.

வட்டை மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் விழும் திசையும் படிக்கும் திசையும் ஒன்றாகிவிடும். விண்டோஸில் இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, வட்டிலிருந்து கோப்பு உருவாக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். வேகத்தைக் குறைத்து வையுங்கள், பழைய வட்டு அவசரத்தைத் தாங்காது. முடிந்ததும் இரண்டு கோப்பு கிடைக்கும். ஒன்று 'பின்', சில நூறு மெகாபைட். இன்னொன்று 'கியூ', ஒரு கிலோபைட்கூட இருக்காது.

இங்கேதான் பையன் மாட்டிக்கொண்டான். 'பின்' கோப்பின் பெயரை அழகாக மாற்றினான், கேம் திறக்கவில்லை. 'கியூ' கோப்பை நோட்பேடில் திறந்து காட்டினேன். உள்ளே நாலைந்து வரிதான். முதல் வரியில் 'பின்' கோப்பின் பழைய பெயர் அப்படியே இருந்தது. எமுலேட்டர் 'கியூ'வைத்தான் முதலில் படிக்கும், அது சொல்லும் பெயரில் கோப்பைத் தேடும், கிடைக்காவிட்டால் கறுப்புத் திரையோடு நின்றுவிடும். பெயரை மாற்றினால் இரண்டு இடத்திலும் மாற்றுங்கள். "எமுலேட்டர் வேலை செய்யவில்லை" என்று என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் நோய்.

கார்ட்ரிட்ஜுக்குத் தனிப் படிப்பான் வேண்டும். கேம்பாய் வகைக்கு யுஎஸ்பி வழியாகக் கணினியில் இணையும் கருவிகள் விற்கின்றன. நிறைய கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவருக்குத்தான் கட்டுப்படியாகும். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பழைய கேம்பாய் கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றுள் கைக்கடிகார பேட்டரி மாதிரி ஒன்று இருக்கிறது, நீங்கள் சேமித்த ஆட்டத்தை அதுதான் காப்பாற்றுகிறது. அது தீர்ந்தால் ஆட்டமும் போச்சு. டின்னில் இருந்த எங்கள் கார்ட்ரிட்ஜில் ஏற்கெனவே போய்விட்டது. அக்கா பல மாதம் வளர்த்த ஒரு முழுப் படையே அதில் இருந்ததாம். இன்றைக்கும் அதை நினைத்துக் கோபப்படுகிறார்.

நிண்டெண்டோவின் 3டிஎஸ், வீ யு, ஸ்விட்ச் மாதிரி புதிய கருவிகளுக்கு இந்தப் படி பொருந்தாது. அவற்றின் கேம்கள் மறையாக்கம் செய்யப்பட்டவை. பூட்டை உடைக்காமல் நகலெடுக்க முடியாது. நம் சட்டத்தின் 36ஏ பிரிவு, தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதையே தனியாகத் தடை செய்கிறது, அசல் உங்கள் கையில் இருந்தாலும்கூட. ஒரு மென்பொருளை இன்னொன்றோடு ஒத்தியங்க வைப்பது மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு, கேம் விளையாட ஆசை என்பது அந்தப் பட்டியலில் இல்லை. 2024 பிப்ரவரியில் நிண்டெண்டோ, ஸ்விட்ச் எமுலேட்டரான யூசுவின் மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டதும் இந்தப் பூட்டை வைத்துத்தான். மறுமாதமே 24 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு யூசு மூடப்பட்டது. அதே கூட்டத்தார் எழுதிய 3டிஎஸ் எமுலேட்டர் சிட்ராவும் கூடவே போனது. அதனால் கைப்பேசியில் ஸ்விட்ச் கேம்களை ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் விலகிக்கொள்ளுங்கள். அது பழைய கேமே இல்லை, கடையில் இன்னும் விற்கிற சரக்கு.

ஆறாவது படி: அசல் இல்லையென்றால்

முப்பது வட்டைக் குப்பையில் போட வேண்டும் என்றதும் பையன் கேட்டான், "அப்போ நான் என்னதான் விளையாடுறது?" நியாயமான கேள்வி.

முதலில், விற்பனையில் இருக்கிறதா என்று தேடுங்கள். நாம் பசார் மாலாமில் வாங்கியதில் எத்தனையோ இன்று கைப்பேசியிலேயே முறையாக விற்கின்றன. சோனிக், குரோனோ டிரிகர், ஃபைனல் ஃபேண்டஸி வரிசை, காசில்வேனியாவின் சிம்ஃபனி ஆஃப் தி நைட் எல்லாம் கைப்பேசிக்கென்றே வெளிவந்திருக்கின்றன. எமுலேட்டரே வேண்டாம். மைக்ரோ ஜீனியஸில் தலைமுறையையே கட்டிப்போட்ட கான்ட்ராவை, கொனாமி 2019இல் கணினிக்கும் ஸ்விட்சுக்கும் ஒரு தொகுப்பாக வெளியிட்டது. இவற்றைத் தள்ளுபடி நாளில் வாங்கினால் விலை அந்தக் காலத்து வட்டு விலைக்கு அருகில் வந்துவிடும். முப்பது வெள்ளிக்கு ஐயாயிரம் கேம் வாங்கியவன் விளையாடியது மூன்றோ நான்கோதான். அந்த முப்பதை இதில் போட்டிருந்தால் கணக்கு சரியாக இருந்திருக்கும்.

இரண்டாவது வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய கருவிகளுக்கு இன்றைக்கும் புதிதாகக் கேம் எழுதுகிறார்கள், எழுதியவர்களே அதை எமுலேட்டர் கோப்பாகக் கொடுக்கிறார்கள். டோபு டோபு கேர்ள் என்ற கேம்பாய் கேம் இலவசம், நிரலும் திறந்திருக்கிறது. மைக்ரோ மேஜஸ் என்ற கேம் 2019இல் நிண்டெண்டோவின் பழைய பெட்டிக்காக எழுதப்பட்டது. நான்கு பேர் சேர்ந்து விளையாடலாம், கோப்பின் அளவு 40 கிலோபைட்தான். காலையில் குடும்பக் குழுவில் வரும் 'இனிய காலை வணக்கம்' படம் இதைவிடப் பெரியது. அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், வாங்கினால் கோப்பு உங்களுடையது.

இன்னொன்று ஸ்கம்விஎம். படத்தைத் தொட்டுத் தொட்டுப் புதிர் விடுவிக்கும் பழைய கணினிக் கேம்களை ஓட்டும் செயலி. பினீத் எ ஸ்டீல் ஸ்கை என்ற 1994ஆம் ஆண்டுக் கேமை அதன் உரிமையாளர்களே 2003இல் இலவசமாக்கிவிட்டார்கள், ஸ்கம்விஎம் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதில் வேகம் வேண்டாம், பொறுமை போதும். பையனுக்குப் பிடிக்கவில்லை. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

எங்குமே விற்காத கேம்

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. 2023இல் அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010க்கு முன் அமெரிக்காவில் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று எந்த வடிவிலும் விற்பனையில் இல்லை என்றது. அதே ஆண்டு மார்ச்சில் நிண்டெண்டோ 3டிஎஸ், வீ யு கருவிகளின் இணையக் கடையை மூடியது. சேகா நிறுவனம் தன் மெகா டிரைவ் கருவியின் பழைய கேம்களை ஸ்டீம் என்ற இணையக் கடையில் விற்றுக்கொண்டிருந்தது, 2024 டிசம்பரில் அவற்றை எடுத்துவிட்டது. காசை நீட்டினாலும் வாங்க ஆளில்லை.

சட்டத்தில் 'கைவிடப்பட்ட கேம்' என்று ஒரு வகை கிடையாது. விற்காமல் வைத்திருப்பதும் உரிமையாளரின் உரிமைதான். ஆக, இறக்கினால் மீறல். இதில் நான் வளைத்துப் பேச விரும்பவில்லை. ஆனால் அறம் என்று பார்த்தால் எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியவில்லை. கடையில் இருக்கும் பொருளைக் காசு கொடுக்காமல் எடுப்பது ஒன்று. உரிமையாளரே பூட்டிவைத்து மறந்துபோன பொருளைப் பார்க்க ஆசைப்படுவது வேறொன்று. பையனிடம் இதை இப்படியேதான் சொன்னேன். அவனுக்கு நான் எதையும் இறக்கித் தரவில்லை, தரவும் மாட்டேன். இரண்டாம் கை விற்பனையில் அசல் வட்டு கிடைக்கிறதா என்று தேடுவது நேரம் பிடிக்கும், ஆனால் நடக்கும். ஈப்போவில் பழைய பொருள் விற்கும் இடங்களில் கறுப்பு அடி வட்டுகள் இன்னும் அகப்படுகின்றன. வாங்கினால் ஐந்தாவது படிக்குப் போய்விடலாம்.

கேம்களை இறக்கிக்கொள்ளக் கொடுத்த தளங்களை நடத்தியவர்கள் கதையும் தெரிந்திருக்கட்டும். 2018இல் லவ்ரோம்ஸ் தளத்தை நடத்தியவர்கள் மீது நிண்டெண்டோ வழக்குப் போட்டது, 1 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல் தீர்ப்பானது. அந்த ஆகஸ்டிலேயே எமுபாரடைஸ் என்ற இன்னொரு தளம் தன்னிடமிருந்த கேம்களை எடுத்துவிட்டது. ஒருவர் வீட்டில் உட்கார்ந்து விளையாடுவதை அல்ல, பரப்புவதைத்தான் அவர்கள் குறிவைத்தார்கள்.

நம் சட்டத்திலும் அந்த வேறுபாடு இருக்கிறது. சொந்த உபயோகத்துக்காக ஒன்றை இறக்கினால் உரிமையாளர் சிவில் வழக்குப் போடலாம். ஆனால் விற்பனைக்காகக் கள்ள நகல் செய்வதும், விற்பதும், வாடகைக்கு விடுவதும், வியாபாரத்துக்காக வைத்திருப்பதும் 41ஆவது பிரிவின்படி குற்றம். ஒவ்வொரு நகலுக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஒரே படைப்பின் மூன்று கள்ள நகல் உங்களிடம் இருந்தால், அது சொந்த உபயோகத்துக்கு இல்லை என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். சொந்த உபயோகத்துக்குத்தான் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஐயாயிரம் கேம் போட்ட கார்டைப் பத்துப் பேருக்கு விற்கும் கடைக்காரர் இந்தப் பெருக்கல் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கமாட்டார்.

அதனால் கூட்டாளிக்கு கார்டைக் காப்பி எடுத்துக் கொடுப்பது, பத்து வெள்ளி வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுப்பது, டெலிகிராமில் ஏற்றிவிடுவது வேண்டாம். இணையக் கடைகளில் 'பத்தாயிரம் கேம்' என்று தொலைக்காட்சியில் செருகும் குச்சி விற்கிறார்களே, அதுவும் வேண்டாம். அதில் எந்த உரிமையாளரும் உரிமம் கொடுத்திருக்கவில்லை. விலையைப் பார்த்தாலே தெரியும்.

கடைசிப் படி: கைப்பேசியில் அடுக்குவது

சேமிப்பிடத்தில் 'கேம்' என்று ஒரு கோப்புறை, அதற்குள் கருவிக்கு ஒன்றாகத் துணைக் கோப்புறைகள். லெமுராய்டைத் திறந்து அந்தக் கோப்புறையைக் காட்டினால் தானே தேடிப் பட்டியல் போடும். பிளேஸ்டேஷன் கேமுக்கு 'பின்', 'கியூ' இரண்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

சேமிப்பில் இரண்டு வகை உண்டு. கேமுக்குள்ளேயே இருக்கும் சேமிப்பு ஒன்று. எமுலேட்டர் அந்த நொடியை அப்படியே உறையவைத்து எடுப்பது மற்றொன்று. இரண்டாவது வசதியானது, ஆனால் எமுலேட்டரைப் புதுப்பித்தால் பழைய உறைநிலை திறக்காமல் போகலாம். வேறு எமுலேட்டருக்கு மாறினால் உதவவே உதவாது. முக்கியமான ஆட்டத்தைக் கேமுக்குள்ளேயே சேமியுங்கள். மாதம் ஒரு தடவை சேமிப்புக் கோப்புகளைக் கணினிக்கு மாற்றுங்கள். பேட்டரி செத்த கார்ட்ரிட்ஜ் வைத்திருக்கும் வீட்டில் இதை இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை.

திரையில் விரலால் தட்டுவது சரிவராது. புளூடூத் கண்ட்ரோலர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

நாங்கள் மைக்ரோ மேஜஸை வாங்கிப் போட்டோம். பையன் முதல் கோபுரத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது அக்கா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார்த்தார். "இதுல ரெண்டு பேர் ஆடலாம்தானே? இன்னொரு கண்ட்ரோலர் எங்கடா?"

இரண்டாவது கண்ட்ரோலரை இணைத்ததும் அதுவும் முதல் ஆளையே நகர்த்தினால் பதற வேண்டாம். ரெட்ரோஆர்ச்சில் அமைப்புகள், உள்ளீடு, இரண்டாவது போர்ட் என்று உள்ளே போய், அந்த இடத்தில் புதுக் கண்ட்ரோலரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.